மாங்காயும் மேங்கோவும்: பாதி வழியில் நிற்கும் கடன்சொல் ஆய்வு

பிறமொழி புகுந்த தமிழ்ச் சொற்களைப் பட்டியலிடுவது தமிழாய்வில் நெடுநாள் வழக்கம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என நீளும் அப்பட்டியலில் ஆங்கில 'மேங்கோ'வும் தவறாமல் இடம்பெறும். 'மாங்காய் என்பதே மேங்கோ ஆயிற்று' என்னும் ஒரு தொடரோடு ஆய்வும் முடிந்துவிடும். யூலும் பர்னலும் 1886இல் ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் எழுதிய செய்தி இது. அதனையே திரும்ப எழுதுவது ஆய்வாகாது.

மூலம் தமிழ் 'மாங்காயா', மலையாள 'மாங்ங'வா என்னும் உரிமை வழக்கும் பயன் தருவதன்று. போர்த்துக்கீசிய 'மங்கா' வழியாகச் சென்ற அச்சொல்லின் மூலமாக ஆங்கில அகராதிகளுள் சில தமிழையும் சில மலையாளத்தையும் காட்டுகின்றன. எதனைக் கொண்டாலும் அதனுள் 'மா'வோடு 'காய்' இணைந்திருப்பது மறுக்கவியலாதது. ஆய்வுக்குரிய வினா இங்குதான் தொடங்குகிறது.

கனி கப்பற்பயணத்தைத் தாங்காது. உப்பிலும் காடியிலும் ஊறிய காயே இங்கிலாந்தை அடைந்தது. எனவே அங்கு 'மேங்கோ' ஊறுகாயின் பெயராகவும் ஆயிற்று. ஜான் ஈவ்லின் 1699இல் வெளியிட்ட 'அசிட்டேரியா' நூலில் 'வெள்ளரி மேங்கோ' உண்டு. வெள்ளரியின் விதையை அகற்றிப் பூண்டிட்டு, கடுகு சேர்த்துக் காடியில் ஊறவைப்பது அது. மாங்காயே இல்லாத மேங்கோ! பின்னர் ஊறுகாய் இடுதலைக் குறிக்கும் வினையாகவும் அச்சொல் வழங்கிற்று. அமெரிக்க நடுமேற்குப் பகுதியில், திணித்து ஊறவைத்த குடைமிளகாய்க்கு வழங்கிய அப்பெயர், இருபதாம் நூற்றாண்டில் பச்சைக் குடைமிளகாய்க்கே ஆகிவந்தது.

ஆங்கிலேயர் 'காய்' என்பதன் பொருளை அறிந்திருந்தனர் என்பது இதன் கருத்தன்று. சொல்லைப் பண்டம் சுமந்து சென்றது. பண்டத்தின் நிலையே சொல்லின் பொருளை வகுத்தது. ஒலி ஒப்புமையை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வுண்மை புலப்படாது.

'இவை ஆங்கிலத்தின் வரலாறு. தமிழாய்வுக்கு இதில் என்ன வேலை?' எனச் சிலர் வினவலாம். அவ்வாறாயின் சொல் சென்றதைப் பெருமையாகக் கொள்வதற்கும் வேலையில்லை. மேலும், சென்ற சொல் திரும்பியும் வந்துள்ளது. இன்று தமிழகக் கடைகளில் 'மேங்கோ ஜூஸ்' என்பது மாம்பழச் சாறு. காயாகச் சென்ற சொல் கனியாக மீண்டிருக்கிறது. காயையும் பழத்தையும் வேறு பெயரால் சுட்டும் மொழியில் இது சிறு மாற்றமன்று.

சென்ற வழி, சுமந்த பண்டம், அடைந்த பொருள், மீண்ட வடிவம் ஆகிய நான்கையும் கூறாத கடன்சொற் பட்டியல் பெருமிதத்திற்கு உதவலாம், ஆய்வேடாகாது.