உழைப்பாளியின் மகனும் அடியாளின் ஆட்டமும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் ஆலைப் பகுதியில் தமிழ் கற்பிக்கின்றேன். எம் பள்ளி ஆண்டுவிழாவில் எட்டாம் வகுப்பு மாணவனொருவன் ‘மோனிகா’ என்னும் திரைப்பாட்டுக்கு ஆடினான். நன்றாகவே ஆடினான், மறைப்பானேன்? அவன் தந்தையார் சீருந்து உறுப்புகள் செய்யும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவுப் பணி முடித்து, உறங்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினார்.

அப்பாட்டு, இரசினிகாந்து நடித்த ‘கூலி’ படத்திற்கு விளம்பரமாக 2025 சூலைத் திங்களில் வெளிவந்தது. படம் வந்ததோ ஆகத்து 14இல். துறைமுகத்தில் பூசா எக்டே செவ்வாடையில் ஆட, அவரையும் விஞ்சி ஆடுகின்றார் சௌபின் சாகிர். அவர்தம் திறத்தை யான் பழிக்கவில்லை. ஆனால், அங்கே ஆடுபவன் படத்தின் கதைமாந்தனாகிய தயாள். துறைமுகத்தைத் தன் பிடியில் வைத்துள்ள கடத்தற்காரன் சைமனுக்குக் கையாள், கொலைக்கு அஞ்சாதவன். படம் வருமுன்பே, ஆடிக் களிக்கும் இனிய தோழனாக அவன் நம் பிள்ளைகளின் நெஞ்சில் குடியேறிவிட்டான். படத்தைக் காணாத பிள்ளைக்கு அவன் என்றும் தோழனே. கதைமாந்தனின் நடையும் உடையும் வேண்டுமாம்; அவன் செய்த வினை மட்டும் வேண்டாவாம்! விளம்பரப் பாட்டுகள் பலவும் இவ்வாறே செய்கின்றன.

படத்தின் தலைவன் தேவாவோ துறைமுகத்தில் சுமை தூக்கியவன். 1421 என்னும் எண் பொறித்த வில்லை அவன் அடையாளம். உழைப்பாளர் பக்கம் நின்ற அவனுக்கு இவ்வாட்டத்தில் இடமில்லை. தொழிலாளரோ பின்னே ஆடும் கூட்டம். படத்தின் பெயர், வள்ளுவர் ஆண்ட தூய தமிழ்ச்சொல். கூலி என்பது உழைப்பின் ஊதியம். வெள்ளையன்தான் அதை ஆளுக்கே பெயராக்கித் தோட்டங்களில் நம்மவரை இழித்தழைத்தான். அப்பெயர் தாங்கிய படத்தை விற்க வந்த பாட்டுக்குப் பெயர், இத்தாலிய நடிகை மோனிகா பெலூச்சியின் பெயர்!

இதே திருப்பெரும்புதூர்ப் பகுதியில், 2024 செப்டம்பரில், சாம்சங்கு ஆலைத் தொழிலாளர் தம் சங்கத்தை ஏற்கக் கோரி ஒரு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். தேவா போன்றவர்கள் எம் மாணவர்களின் தெருவிலேயே வாழ்கின்றனர்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, “நீ யாராக ஆடினாய், தம்பி?” என்றேன். “தயாளுங்க ஐயா” என்றான். தயாள் என்ன செய்பவன் என்றேன். “நல்லா ஆடுவாருங்க ஐயா.”

அடுத்த விழாவில் ஆடவிருக்கும் பிள்ளைகள், தாம் பூணும் கோலம் யாருடையது, அவன் செயல் யாது என நான்கு வரி தமிழில் எழுதித் தரவேண்டுமெனத் தலைமையாசிரியரிடம் கேட்டுள்ளேன். அவர் சிரித்தார், மறுக்கவில்லை.