கைகட்டுவதல்ல கட்டுப்பாடு

கட்டுப்பாடு என்றாலே நம் இளைஞர்கள் சிலருக்கு ஆகாது. "ஆண்டையும் அதைத்தானே சொன்னான், கைகட்டி நில்லுன்னு?" என்கிறார்கள். கோபம் நியாயமானது. தலைமுறை தலைமுறையாக நம்மிடம் கேட்டது அடக்கம். அதற்கு ஒழுங்கு என்று பேர் வைத்தார்கள். ஆனால் அடக்கம் வேறு, கட்டுப்பாடு வேறு. அண்ணல் அம்பேத்கரின் தகப்பனாரைப் பார்த்தால் இது விளங்கும்.

ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். 1891இல் அண்ணல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். ஊர்ப் பள்ளிக்கூடம் வாசலை மறித்த சாதிக்குப் படைதான் எழுத்தைக் கொடுத்தது. கருணையால் அல்ல, வெள்ளைக்காரனுக்குச் சிப்பாய் தேவைப்பட்டான். தேவை தீர்ந்ததும் 1892இல் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டான். உடுப்பு போச்சு, பழக்கம் போகவில்லை.

பம்பாய் பரேலில் ஒரே அறை. அடுப்பு, விறகு, மாவரைக்கும் கல், ஒரு ஆடு, குடும்பம் மொத்தமும் அதற்குள். மகனைச் சீக்கிரம் படுக்கச் சொல்லிவிட்டு ராம்ஜி இரவு 2 மணி வரை விழித்திருப்பார். பிறகு அவனை எழுப்பிப் படிக்க உட்கார்த்திவிட்டுத்தான் தான் படுப்பார். பிள்ளையின் தூக்கத்தைக் கேட்டவர் முதலில் தன் தூக்கத்தைக் கொடுத்தார். எந்த ஆண்டை இப்படிச் செய்தான்? புத்தகத்துக்குக் காசில்லை என்றால் கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நிற்பார். அவர்கள் நகை அடகுக்குப் போகும்; பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அண்ணலின் படிப்பில் அந்த அக்காமாரின் பங்கை நாம் பேசுவதே இல்லை.

1913 பிப்ரவரியில் ராம்ஜி இறந்தார். அதே ஆண்டு மகன் கொலம்பியா பல்கலைக்கழகம் போனதை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பழக்கம் 1927இல் மகத் குளத்துக்கு வந்தது. மார்ச் மாதம் வரிசையாக நடந்துபோய்த் தண்ணீர் குடித்தவர்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். அண்ணல் தன் ஆட்களைத் திருப்பி அடிக்க விடவில்லை. அது அடங்கிப் போனதா? டிசம்பரில் அதே மகதில் மனுஸ்மிருதி எரிந்தது!

தோழர்களே, பத்து மணிக் கூட்டத்துக்குப் பன்னிரண்டுக்கு வருகிறோம். அரியரை அடுக்கிவைத்துக்கொண்டு விடுதலை பேசுகிறோம். கேட்டால், கலகக்காரனுக்குக் கடிகாரம் எதுக்கு என்கிறோம். அடுத்தவன் நம்மேல் போடுவது அடிமைத்தனம். நாமே நம்மேல் போட்டுக்கொள்வதுதான் கட்டுப்பாடு. ஆண்டைக்குப் பயந்து விடியுமுன் எழுந்த காலம் போகட்டும். இனி நமக்காக எழுவோம்.