கல் சாட்சிகள்

கொல்லிமலையில் அறப்பளீசுவரரைத் தரிசிக்கச் செல்வோர் அம்மலையின் பழமையை வியந்து பேசுவது வழக்கம். அப்பழமை அவர்கள் நினைப்பதினும் மிகப் பெரிது. அம்மலைப் பாறை சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன், பூமியின் அடியாழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. ஓடோ எலும்போ உடைய பிராணி எதுவும் அன்று உலகில் இல்லை. ஆகையால் அப்பாறையில் ஜீவராசிகளின் சுவடு காணக் கிடையாது. ஆனால் மலையிறங்கிக் கிழக்கே ஊட்டத்தூர், காரை, அரியலூர்ப் பக்கங்களுக்குச் செல்பவன் மிதிப்பது ஒரு பழங்கடலின் தரையாகும்.

சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் பிராணிகள் இன்று அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. நேயர்களுக்கு இவ்வினம் புதிதன்று. பூஜையில் வைத்து வணங்கும் கண்டகி நதிச் சாளக்கிராமத்தில் சக்கரமாய்க் காணப்படுவது இவ்வினத்தின் ஓடேயாம். தோற்றத்தில் நத்தை போன்றிருப்பினும் இதன் நெருங்கிய உறவு கணவாய் மீனோடுதான். சுருண்ட ஓட்டின் உட்புறம் அறை அறையாய்ப் பிரிந்திருக்கும். பிராணி வளர வளர முன்னே நகர்ந்து, பின்புறம் ஒரு சுவர் எழுப்பும். கடைசி அறை ஒன்றே அதன் வாசஸ்தலம். பின்னறைகளை ஊடுருவிச் செல்லும் மெல்லிய குழாயின் வழியே நீரை அகற்றி, அவ்விடத்தை வாயுவால் நிரப்பி, அது கடலில் மிதந்தது.

அச்சுவர் ஓட்டைத் தொடும் கோட்டில் இவ்வினத்தின் சரித்திரமே எழுதப்பட்டிருக்கிறது. 40 கோடி வருஷங்களுக்கு முன் எளிய அலைபோல் இருந்த கோடு, காலப்போக்கில் இலை விளிம்புபோல் நுணுகிக் கிளைத்தது. 25 கோடி வருஷங்களுக்கு முன் நேர்ந்த பெருநாசத்தில் தப்பிய சில வகைகள் மீண்டும் பெருகிக் கடல்களை நிரப்பின. 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் நேர்ந்த நாசத்திற்குப்பின் அவை நிலைக்கவில்லை. ஒவ்வொரு வகையும் குறுகிய காலமே வாழ்ந்து, தூர தூரக் கடல்களுக்கும் பரவியதால், ஓர் ஓட்டைக் கண்டால் அது கிடந்த பாறையின் காலத்தை அறியலாம்.

இக்கல்லெழுத்தை முதலில் படித்தவர் நாமல்லர். நம் நாட்டில் திரட்டிய ஓடுகளை 1846-இல் லண்டனில் விவரித்தார் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். 1863 முதல் கல்கத்தாவில் அவற்றை விரிவாக ஆராய்ந்த ஸ்டோலிக்ஸ்கா, 1874-இல் 36-ஆம் வயதில், லடாக்கில் ஆராய்ச்சிப் பயணத்திலேயே உயிர்நீத்தார். அவர்களுக்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். அந்நியர் நம் மண்ணைக் கற்றது குற்றமன்று. நாம் கல்லாதிருப்பதே குற்றம். நம்மவராலும் இயலும் என்பதற்குத் தஞ்சையில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன் சான்று. சாத்தனூர்க் கல்மரத்தை 1940-இல் உலகறியச் செய்த அவரே இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் முதல் இந்தியத் தலைவருமானார்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. வீடும் பாலமும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் நீதிஸ்தலத்தில் சாட்சியை விசாரிக்காமல் வழக்கைத் தீர்ப்பாருண்டோ? அரைவை இயந்திரத்தில் விழுந்த சாட்சி மீளாது. அழகுக்காகப் பெயர்த்து விற்கப்படும் ஓடும், எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பை இழந்தால், வாய் பேசாத சாட்சியே.

ஆகவே, சுரங்கம் வெட்டுமுன் நிபுணர் பார்வையிடுவதைச் சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும். காரைப் பள்ளங்களைக் காவல் செய்ய வேண்டும். சுற்றுப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்க் கற்களைப்பற்றித் தாய்மொழியில் பாடம் சொல்ல வேண்டும். சுதந்திரம் பெற்ற ஜனங்கள் தங்கள் காலடி மண்ணின் சரித்திரத்தை அயல்மொழி நூல்களில் மட்டும் தேடுவது தகுமா? தமிழர் சிந்திப்பார்களாக.