சிறுநீரில் தெரியும் எச்சரிக்கை

எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பு ஏதுமின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான மருத்துவக் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால், அந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்த பிறகு ஆகும் செலவுக்கானது. நோய் இருக்கிறதா என்று அறிய வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் சோதனைகளுக்கு அதில் இடமில்லை. முதுமையில் ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோய் விஷயத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது.

இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 70 ஆண்டுகளாக உயர்ந்துவிட்ட நிலையில், தில்லி, கொல்கத்தா, புணே, திருவனந்தபுரம் போன்ற நகரங்களின் பதிவேடுகளில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. உலக அளவில் 2020-ல் 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2040-ல் 29 லட்சத்தை எட்டும் என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் கணித்தது.

இதற்கு இப்போதுள்ள பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை மலிவானது, ஆனால் தெளிவற்றது. புராஸ்டேட் சுரப்பி புற்றுநோயின்றி வெறுமனே வீங்கினாலும் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு கூடும். அளவு 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கிறது. மற்ற மூவரும் ஊசியால் பல இடங்களில் திசு எடுக்கும் பயாப்சியின் வலியையும் தொற்று அபாயத்தையும் வீணாகத் தாங்க நேர்கிறது. 1970-ல் இப்புரதத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ஆப்ளினே, இது கண்மூடித்தனமாகப் பயன்படுத்தப்படுவதை 2010-ல் கடுமையாகச் சாடினார்.

இந்த இடத்தில்தான் சிறுநீர்ச் சோதனை உதவுகிறது. சுரப்பியை மருத்துவர் விரலால் அழுத்திப் பரிசோதித்த பின் வெளியேறும் சிறுநீரில் அதன் செல்கள் கலந்திருக்கும். புற்றுநோய்ச் செல்களில் மிகுந்து காணப்படும் பிசிஏ3 என்ற மரபணு 1999-ல் அறியப்பட்டது. 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர், இரு மரபணுக்கள் இடம் மாறி ஒன்றோடொன்று இணைந்துவிடுவதை இந்நோயாளிகள் பலரிடம் கண்டனர். பிசிஏ3 சோதனைக்கு அமெரிக்கா 2012-ல் ஒப்புதல் அளித்தது. தீவிரமாகப் பரவக்கூடிய வகையை மட்டும் பிரித்தறிய முயலும் 18 மரபணுச் சோதனையின் முடிவுகளை அதே மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் 2024-ல் வெளியிட்டனர்.

இவற்றை அப்படியே இறக்குமதி செய்துவிட முடியாது. அந்த மரபணு இணைப்பு மேலை நாட்டு நோயாளிகளில் சுமார் பாதிப் பேரிடம் இருக்க, சீனர், ஜப்பானியரிடம் கணிசமாகக் குறைவு. ஆகவே, இந்திய நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காமல் எந்த அளவுகோலையும் இங்கே ஏற்பது தவறு. கான்பூர் ஐஐடி போன்ற நிறுவனங்கள் இத்துறையில் ஆய்வு செய்கின்றன. அவற்றுக்கு அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.

வசதி படைத்த நாடுகளின் கவலை தேவையற்ற பயாப்சி. நமது கவலை வேறு. முதியவர் இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்வதை வயதின் கோளாறு என்று வீட்டார் ஒதுக்கிவிடுகின்றனர். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமாகவே இருக்கும் என்பதும் உண்மை. சாதாரணமல்லாத சிலரோ, முதுகுவலி என்று மருத்துவரிடம் போகும்போது புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறது. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்காவது தேசியத் திட்டத்தில் பரிசோதனை உண்டு. இந்த நோய் அந்தப் பட்டியலில் இல்லை.

எல்லா ஆண்களுக்கும் சோதனை நடத்த வேண்டும் என்பதல்ல வாதம்; அது தேவையற்ற அச்சத்தையும் சிகிச்சையையும் பெருக்கும். அறிகுறியோடு வரும் 50 வயதைக் கடந்தவருக்கு மாவட்ட மருத்துவமனையிலேயே ரத்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். முடிவு ஐயத்துக்கிடமானால் மட்டும் அடுத்த கட்டமாகச் சிறுநீர்ச் சோதனை. அதன் விலை எட்டாததாயிற்றே என்று கைவிரிக்க வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, பல மருத்துவமனைகளுக்கும் சேர்த்துப் பேரம் பேசி மருந்து விலையைப் பெருமளவு குறைத்துக் காட்டியுள்ளது. சோதனைக் கருவிகளுக்கும் அதே வழியைப் பின்பற்றலாம்.

எலும்புக்குப் பரவிய நோய்க்கு ரூ. 5 லட்சம் தரத் தயாராக இருக்கும் காப்பீடு, அதை முன்கூட்டியே காட்டும் சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் தர மறுக்கிறது. முதலில் திருத்த வேண்டியது இந்த விதியைத்தான்.