14 பெருசா, 4 பெருசா?

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. "அப்பா, 14 கோர் பிராசஸர்ப்பா. செகண்ட் ஹேண்டுல சில ஆயிரத்துக்கே தர்றாங்க. புது ஐ3-ல வெறும் 4 கோர்தான்" என்பான் பையன். "விலை கம்மி, சாமான் பெருசுன்னா எங்கியோ இடிக்குதேடா" என்பார் அப்பா. விழுப்புரமோ திண்டிவனமோ, கம்ப்யூட்டருக்கென்று ஒரு வீடு ஒதுக்கும் பணம் பெரும்பாலும் ஒரே தடவைதான் வரும். அதில் தவறினால் அடுத்த நாலைந்து வருஷத்துக்கு அதே பெட்டியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்த வழக்கில் பையன், அப்பா இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரண்டு பேரின் ஜாதகம்

பையன் காட்டும் 14 கோர் பிராசஸர் பெரும்பாலும் இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-ல் வந்தது. 14 கோர், 28 த்ரெட். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சத்தில் 3.3. மின்சார அளவு 120 வாட். வெளியானபோது இன்டெல் சொன்ன விலை 1,745 டாலர். வீட்டு மேஜைக்காகச் செய்யப்பட்டதல்ல. டேட்டா சென்டரில் இரவு பகலாக ஓடும் சர்வருக்காகச் செய்யப்பட்டது.

எதிரே நிற்பது கோர் ஐ3-12100எஃப். 2022-ல் வந்தது. 4 கோர், 8 த்ரெட். அடிப்படை வேகம் 3.3, உச்சத்தில் 4.3 கிகாஹெர்ட்ஸ். மின்சார அளவு 58 வாட், முழு மூச்சில் ஓடும்போது 89 வரை போகும். வெளியான விலை சுமார் 100 டாலர்.

1,745 டாலர் சரக்கு இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது திருட்டுச் சரக்கு என்பதால் அல்ல. பெரிய நிறுவனங்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை சர்வர்களைக் கூட்டமாக மாற்றிவிடும். பழையதை ஓட்டும் கரன்ட் செலவும், அது அடைக்கும் இடமும் புதியதை வாங்குவதைவிட அவர்களுக்குப் பாரம். கழற்றிய பிராசஸர்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகின்றன. பிராசஸருக்குள் சுற்றுவது, தேய்வது எதுவும் இல்லாததால் பத்து வருஷம் ஆனாலும் அது நன்றாகவே வேலை செய்யும். இதுவரை பையன் சொல்வது சரி.

14 ஆள் சேர்ந்து ஒரு மூட்டை தூக்க முடியுமா?

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் லாரி நிறைய மூட்டை வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 லோடுமேன் இருந்தால் மளமளவென்று இறக்கிவிடலாம். வேலை, தனித்தனி மூட்டையாகப் பிரிந்து கிடக்கிறது. சர்வரின் வேலையும் அப்படித்தான். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் ரயில் டிக்கெட் தேடினால் அது ஆயிரம் தனி வேலை. அங்கே ஆள் எண்ணிக்கைதான் ராஜா.

கேம் அப்படியல்ல. வீரன் எங்கே நிற்கிறான் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். அது தெரிந்தால்தான் குண்டு யார் மேல் பட்டது என்று சொல்ல முடியும். அதன் பிறகுதான் திரையில் என்ன படம் வரைவது என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்ல முடியும். ஒன்றின் முடிவுக்காக அடுத்தது காத்திருக்கும் வரிசை இது. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் இத்தனையும் 16 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். அந்த வரிசையை இழுத்துச் செல்வது பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்கள்தான். மிச்சமுள்ள கோர்களில் பல வேடிக்கை பார்க்கும்.

வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் தடுப்புச் சுவர் என்று ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1967-லேயே விளக்கிவிட்டார். 'அம்டால் விதி' என்று கல்லூரியில் படிப்பது இதைத்தான்.

அதனால் கேமில் கேட்க வேண்டியது, "எத்தனை கோர்?" என்பதல்ல, "ஒரு கோருக்கு எவ்வளவு பலம்?" என்பது. 4.3-க்கும் 3.3-க்கும் உள்ள வித்தியாசமே 30 சதவிகிதம். அதற்கு மேல், ஆறு வருஷம் இளைய ஐ3, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலையை முடிக்கும் விதத்தில் கட்டப்பட்டது. இரண்டும் சேர, ஒற்றைக் கோர் வேலையில் அது ஜியானைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் முந்துகிறது. இதில் அப்பாவின் சந்தேகம் ஜெயிக்கிறது.

ஜியான் யாருக்கு?

அதற்காக ஜியானைக் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். 3டி ரெண்டரிங் செய்பவர், ஒரே பெட்டியில் நாலைந்து வர்ச்சுவல் மெஷின் ஓட்டி நெட்வொர்க்கிங் பழகும் மாணவர், பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்பவர் ஆகியோருக்கு 14 கோரும் உழைக்கும். சர்வரில் இருந்து கழற்றிய ஈசிசி ரேமும் இதில் போடலாம்.

திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரருக்கு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேமராவும் போனும் பதிவு செய்யும் வீடியோவை எடிட்டிங்கில் தடங்கலின்றி ஓடவிட, 'குயிக் சிங்க்' என்ற வசதி பெரிய உதவி. இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் அது இருக்கிறது. இந்த ஜியானில் அந்தப் பகுதியே கிடையாது. ஐ3-12100எஃப்-இலும் கிடையாது; பெயரின் கடைசியில் உள்ள 'எஃப்' அதைத்தான் சொல்கிறது. 'எஃப்' இல்லாத ஐ3-12100-ல் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 'எஃப்' இல்லாததைத்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் மானிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும்.

பில்லில் எழுதாத செலவுகள்

பிராசஸர் மலிவு, அதைப் பொருத்தும் மதர்போர்டுதான் தலைவலி. இந்த ஜியானுக்காக இப்போது விற்கும் 'எக்ஸ்99' போர்டுகள் பல, சீனாவின் சிறு நிறுவனங்கள் பழைய போர்டில் இருந்து சிப்செட்டைக் கழற்றிப் பொருத்திச் செய்தவை. புது பிராசஸருக்கு பாக்ஸோடு வாங்கினால் இன்டெல் மூன்று வருஷ வாரன்டி தருகிறது. இந்தப் போர்டுக்கு கடைக்காரரின் வாய் வார்த்தைதான் வாரன்டி. ஆறாம் மாதம் அது படுத்தால், விழுப்புரத்திலிருந்து 160 கிலோமீட்டர் தாண்டி சென்னை ரிச்சி தெருவில் இன்னொன்றைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இந்த ஜியான் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம். ஆனால், வேலோரன்ட் கேம் விண்டோஸ் 11-ல் ஓட டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி கட்டாயம். அது இல்லாத போர்டு என்றால், எந்த கேமுக்காக வாங்கினார்களோ அதுவே திறக்காது.

கரன்ட் பில்லையும் பார்த்துவிடலாம். ஜியான் பெட்டி 60 வாட் கூடுதலாக இழுத்து, தினம் 5 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 18 யூனிட் ஏறும். சின்னத் தொகைதான், ஆனால் அது ஒவ்வொரு பில்லிலும் வரும். கோடையில் அந்த 60 வாட்டும் வெப்பமாக அதே அறையில்தான் இறங்கும்.

பணத்தை எடுக்கும் முன்

* கேமும் கல்லூரிப் படிப்பும்தான் தேவை என்றால் புது ஐ3. இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஏஎம்டி ரைசன் 5 5600 பார்க்கலாம். 6 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். கூலரும் பாக்ஸிலேயே வரும். ஆனால் அதிலும் உள் கிராபிக்ஸ் இல்லை.
* ஐ3-க்கு வாங்கும் போர்டு 13, 14-ம் தலைமுறை பிராசஸர்களையும் ஏற்குமா என்று கேளுங்கள். வேலைக்குப் போன பிறகு பையனே பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜியான் போர்டில் அந்த வழி முடிந்துவிட்டது.
* ஜியான்தான் என்று முடிவானால், மூடியின் மேல் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி, விற்பனைக்கு வந்ததல்ல. வேண்டாம்.
* பிராசஸரைப் பொருத்தும் முன் போர்டின் சாக்கெட்டில் பின்கள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.
* எதுவானாலும், பிள்ளைக்குத் தேவையான கேமையோ சாஃப்ட்வேரையோ கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். சூடு, சத்தம், தடங்கல் மூன்றும் அப்போதே தெரிந்துவிடும். "அதெல்லாம் வீட்ல போய் போட்டுப் பாருங்க" என்று சொல்லும் கடையில் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.