விடு என்றதும் விட்டார்கள்



முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களில் எவருக்கும் நல்ல ஞாபகம் வருவதில்லை. தறப்பாளின் வெக்கை, தண்ணீருக்கு நின்ற வரிசை, திரும்பத் திரும்பப் பெயர் பதிந்தது, இவைதான் வரும். 2009 இல் செட்டிகுளம் முகாமுக்குள் போனபோது எனக்கு 19 வயது. ஆகவே 2023 இல் லண்டனில் சித்தி வீட்டில் தங்கியிருந்த காலத்தில், "வெள்ளிக்கிழமை தொடக்கம் மூண்டு நாள் ஒரு முகாமுக்குப் போறன்" என்று நான் சொன்னதும் சித்தி அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன முகாம்? ஆர் கூப்பிட்டவை?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை சித்தி. நான்தான் காசு கட்டிப் போறன்."

"காசு கட்டியோ!"

அங்கே என்ன பழக்குவார்கள் என்று கேட்டார். மற்றவரின் காலைப் பிடித்துப் பூட்டுவதற்கு என்றேன். அன்று முழுவதும் சித்தி என்னுடன் அதிகம் கதைக்கவில்லை.

சென்ற மாதம் முல்லைத்தீவில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வேடிக்கையாகச் சொல்லப்போக, கூட்டம் முடிந்த பின்னரும் ஒரு மணித்தியாலம் என்னை இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

சமூகப்பணி தொடர்பான ஓராண்டுப் படிப்பொன்றுக்குப் புலமைப்பரிசில் கிடைத்து நான் லண்டன் போயிருந்தேன். குளிர்காலத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அறையில் தனியே இருக்க மனம் வராது. கூடப் படித்த ஒருத்தி மாணவிகளுக்கென்று நடந்த ஒரு மாலை வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பழக்கியது பிரேசிலிய ஜியு-ஜிட்சு. அடி, உதை இல்லாத ஒரு மற்போர். எதிராளியை நிலத்தில் வீழ்த்தி, கை, கால் அல்லது கழுத்தைப் பிடியில் சிக்கவைத்து, அவர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை கொண்டுபோவதே விளையாட்டு. தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும்.

இதன் வேர் ஜப்பானில் உள்ளது. மிட்சுயோ மயேடா என்ற ஜூடோ வீரர் 1914 இல் பிரேசிலுக்குப் போனார். அந்த வழியில் வந்த கலையைக் கார்லோஸ் கிரேசியும் அவரது தம்பி ஹீலியோவும் ரியோ டி ஜெனீரோவில் தங்கள் பாணியாக வளர்த்தெடுத்தார்கள். வழமைபோல ஆண்களின் சொத்தாகவே அது பல காலம் இருந்தது. யுவோன் டுவார்டே என்ற பெண் கறுப்புப் பட்டி பெற்றது 1990 இல். பெண்களில் அவரே முதலாமவர். உலகப் போட்டி 1996 இல் தொடங்கியது, பெண்களுக்கான பிரிவு 1998 இல்தான் வந்தது.

கால்பூட்டுகளின் கதை வேறு. சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்கு இந்தப் பகுதியில் கொஞ்சம் கூடுதல் ஆர்வம். ரியோவின் வசதியான பகுதிகளில் இருந்த பள்ளிகளில் காலைப் பிடித்து வெல்வது தரக்குறைவான வேலை என்று கருதப்பட்டது. நகரின் ஓரத்தில், ஏழைகள் வாழ்ந்த பகுதியில் ஒஸ்வால்டோ ஃபடா என்ற ஆசிரியர் பழக்கினார். அவருடைய மாணவர்கள் 1950 களில் கிரேசிப் பள்ளியுடன் மோதியபோது பாதப் பூட்டுகளைக் கொண்டே பல வெற்றிகளைப் பெற்றார்கள். கால் பிடிப்பவர்களைச் "சப்பாத்துத் தைக்கிறவர்கள்" என்று பரிகாசம் செய்யும் வழக்கம் அங்கே இருந்தது. ஒருவரின் தொழிலைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்துவது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்று அதை அறிந்தபோது நினைத்துக்கொண்டேன்.

பின்னாளில் டீன் லிஸ்டர் என்ற அமெரிக்க வீரர், மனித உடலின் பாதியை ஏன் கவனிக்காமல் விடுகிறீர்கள் என்று நியூயோர்க்கில் ஜோன் டனஹரிடம் கேட்டாராம். டனஹர் நியூசிலாந்துக்காரர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு மெய்யியல் ஆய்வுக்காக வந்து, ஜியு-ஜிட்சுவுக்குள் இறங்கிவிட்டவர். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் யோசித்து, கால்பூட்டுகளை ஒழுங்கான ஒரு பாடமாக்கினார். கெட்டித்தனம் திருகுவதில் இல்லை, திருகுவதற்கு முன் எதிராளியின் காலைத் தன் இரண்டு கால்களாலும் பின்னி அசையாமல் வைத்திருப்பதிலேயே இருக்கிறது என்பது அவருடைய பாடத்தின் அடிப்படை. அவருடைய மாணவர்கள் போட்டிகளில் வெல்லத் தொடங்கிய பிறகு, இகழ்ந்தவர்கள் எல்லோரும் பழகத் தொடங்கினார்கள்.

கால்பூட்டுகளில் மிகவும் பயங்கரமானது ஹீல் ஹூக். உங்கள் பாதம் எதிராளியின் கமக்கட்டுக்குள் இருக்கும். உங்கள் குதிக்கால் அவருடைய முழங்கை மடிப்பில் கொளுவியிருக்கும். உங்கள் தொடையை அவருடைய கால்கள் அசையவிடாமல் பின்னியிருக்கும். இந்த நிலையில் அவர் நெஞ்சைத் திருப்பினால் பாதம் திரும்பும், பாதத்தோடு கீழ்க்காலும் திரும்பும், ஆனால் தொடை திரும்பாது. நடுவில் அகப்படுவது முழங்கால். சர்வதேசப் பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனம் இதை 2021 இல்தான் அனுமதித்தது. அதுவும் தடித்த உடுப்பு அணியாமல் ஆடும் பிரிவில், மண்ணிறப் பட்டியும் கறுப்புப் பட்டியும் பெற்ற வளர்ந்தவர்களுக்கு மட்டும்.

நான் அப்போது வெள்ளைப் பட்டி. அந்த ஆண்டு மாசி மாதம் ஒரு கழகத்தில் (பெயர் வேண்டாம்) என்னைவிட 20 கிலோவாவது கூடிய ஓர் ஆணுடன் பழகிக்கொண்டிருந்தேன். இப்படியொரு பிடி இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குதிக்காலைப் பிடித்தார். எனக்கு நோகவில்லை. இறுக்கம் மட்டும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், கழற்றிவிடலாம் என்று இருந்தேன். அவர் திருப்பினார். பச்சைத் தடி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

உட்பக்க நார் பாதி கிழிந்திருந்தது. 6 கிழமை முழங்காலுக்குப் பட்டை கட்டி நடந்தேன். தொடக்கநிலையில் உள்ள ஒருத்தியிடம் அந்தப் பிடியைப் போட்டது அவருடைய பிழை, பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியரின் பிழையும்தான். அதை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஏன் தட்டவில்லை என்று இயன்மருத்துவர் கேட்டபோது, "நோகவில்லையே" என்றேன். அவர் சொன்ன விளக்கம் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. கையை மடக்கும் பிடிகளில் நோவு முன்னுக்கு வரும், சேதம் பிறகு வரும். முழங்காலைத் திருகும்போது இரண்டும் சேர்ந்தே வரும், சிலவேளை சேதம் முந்திவிடும். நோவு வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சகோதரிகளே, எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பெயர் வாங்கித் தந்த ஒரே குணம் பொறுமை. "அது பொறுத்துப் போற பிள்ளை" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவா. செட்டிகுளத்தில் காலில் புண்ணோடு மருந்துக்கு வரிசையில் நின்றபோது, பின்னால் நின்றவர்களை முன்னால் விட்டவள் நான். அது அன்பினால் மட்டும் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. நோகிறது என்று சொல்லக் கூச்சம். கள வேலையில் உங்களில் எத்தனையோ பேரிடம் "சொல்லுங்கோ, சொன்னால்தானே தெரியும்" என்று நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது வரவில்லை என்பது ஒரு வெளிநாட்டு மெத்தையில் கிடந்தபோதுதான் தெரிந்தது.

கால் ஆறிய பிறகு பயம் ஆறவில்லை. யாராவது பாதத்தைத் தொட்டாலே உடம்பு உதறியது. வகுப்பை விட்டுவிடலாம் என்று இருந்தபோது, கால்பூட்டுகளை மட்டும் பழக்கும் மூன்று நாள் முகாமொன்று ஆடி மாதத்தில் நடக்கிறது என்று தோழி சொன்னாள். பழக்குபவர் ஒரு பெண் என்றதும் சம்மதித்தேன்.

லண்டனிலிருந்து ஒன்றரை மணித்தியால ரயில் தூரத்தில், கடற்கரை நகரொன்றின் விளையாட்டு மண்டபம். 30 பேரளவில் வந்திருந்தார்கள், அதில் பெண்கள் 8 பேர். யாருடன் பழக விருப்பம், யாருடன் விருப்பமில்லை என்பதை முதலிலேயே சொல்லலாம், காரணம் கேட்கமாட்டார்கள். இது பெரிய விடயம். ஆண்கள் மேலே அழுத்திக் கிடக்கும் விளையாட்டு இது. எங்கள் பெண்களில் சிலருக்கு அந்த அழுத்தம் என்னென்ன நினைவுகளைக் கிளப்பும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அப்படியானவர்கள் இதைப் பழகத்தான் வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

முதல் நாள் காலை முழுவதும் ஒரு பிடியும் பழக்கவில்லை. தட்டுவதற்கே பழக்கினார்கள்! எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று தரம் தெளிவாகத் தட்ட வேண்டும். கை அகப்பட்டிருந்தால் காலால் தட்டலாம். அதுவும் முடியாவிட்டால் வாயால் சொல்லலாம், வெறுமனே கத்தினாலும் போதும், போட்டிகளில் அலறலும் ஒப்புதலாகவே எடுக்கப்படும். குதிக்கால் பிடிபட்டது என்று தெரிந்தவுடனேயே தட்டச் சொன்னார் ஆசிரியை. நோவு வரும்வரை அல்ல.

வாயால் சொல்லும் பயிற்சியில் நான் நின்றுவிட்டேன். என் சோடி போலந்து நாட்டுத் தாதி ஒருத்தி. என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள், எனக்குச் சத்தம் வரவில்லை. ஆசிரியை பக்கத்தில் வந்து குந்தியிருந்து, எந்த மொழியில் என்றாலும் பரவாயில்லை என்றார். சுற்றியிருந்தவர்கள் தங்கள் பாட்டில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்தது "விடு" என்ற சொல். மெதுவாகத்தான் வந்தது. அவள் அந்தக் கணமே கையை எடுத்துவிட்டாள். அப்படி நான் சொல்லி ஒருவர் உடனே விட்டது என் வாழ்க்கையில் எத்தனை தரம் நடந்திருக்கும் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அடுத்த இரண்டு நாளும் அந்த மண்டபத்தில் பாதிப்பேர் "விடு, விடு" என்றுதான் கத்தினார்கள். போலந்துக்காரிக்கு "டு" வரவே இல்லை.

பிடிப்பவர்களுக்கும் பாடம் இருந்தது. குதிக்கால் கையில் வந்துவிட்டால் அதைத் திருகக் கூடாது. வந்துவிட்டது என்று மற்றவருக்குக் காட்டி, நிறுத்தி, விட்டுவிட வேண்டும். வல்லவர்கள் எல்லோரும் அப்படித்தான் பழகுகிறார்களாம். மாசி மாதத்து மனிதருக்கு இதை யாரும் பழக்கவில்லை.

இரண்டாம் நாள் தப்பும் வழிகள். எதிராளியின் கால்கள் உங்கள் முழங்காலுக்கு மேலே பின்னியிருக்கும்வரை நீங்கள் அவர் வசம். உங்கள் முழங்கால் அந்தப் பின்னலுக்கு வெளியே வழுகி வந்துவிட்டால் பிடியின் பலம் போய்விடும். அதுவரை குதிக்கால் அகப்படாதபடி பாதத்தை ஒளிக்க வேண்டும். பதறிப்போய்த் திருகலுக்கு எதிர்ப்பக்கமாக உதறினால் நாங்களே எங்கள் முழங்காலைக் கிழித்துக்கொள்வோம். திரும்புகிற பக்கமாகவே உருள வேண்டும். கேட்க இலேசு. உடம்புக்கு விளங்க இரண்டு நேரச் சாப்பாடு கடந்துவிட்டது.

வந்தவர்களில் ஓர் இளைஞருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வீதி விபத்தாம். மெத்தைக்கு ஏறுமுன் செயற்கைக் காலைக் கழற்றி, எங்கள் சப்பாத்துகளின் வரிசையில் நிறுத்திவிட்டு வருவார். ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. அவருடன் 5 நிமிடம் பழகினேன். பிடிப்பதற்கு ஒரு குதிக்கால்தான் இருந்தது, அதையும் அவர் தரவேயில்லை. கடைசியில் என் காலை அவர் பின்னிவிட, உடனே தட்டினேன். அந்த மூன்றாம் நாளில் மட்டும் 11 தரம் தட்டினேன். முழங்கால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. நான் பிடித்துத் தட்டவைத்தது ஒரேயொரு தரம், அதுவும் போலந்துக்காரியை. அவள் களைத்துப் போயிருந்தாள் என்பதை மறைக்க மாட்டேன்.

தெருவில் தனியே வரும் பெண்ணுக்கு இது பாதுகாப்பாகுமா என்று முல்லைத்தீவில் கேட்டார்கள். ஆகாது. நிலத்தில் படுத்துக்கொண்டு ஒருவனின் காலைப் பின்னுவது மெத்தைக்கு மட்டுமே சரி. தெருவில் ஓடுவதும் கத்துவதும்தான் நல்லது. கால்பூட்டுப் பழகினால் துணிந்து போகலாம் என்று எவராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

எல்லோரும் கேட்டு முடித்த பிறகு, 2009 இல் காலை இழந்து ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கும் அக்கா ஒருவர், "பிள்ளை, எனக்கு ஒரு குதிக்கால்தான். அப்ப எனக்குப் பாதி ஆபத்துத்தானே?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. பிறகு அவர் கையை நீட்டி, பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். "விடு" என்றார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் காணாது என்றார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் சொன்னார், வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

வருகிற கூட்டத்துக்குப் பாய் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புற்பாய் இதற்குச் சரிவராது என்று சொல்லியும் கேட்கவில்லை.