சோபாவில் மிதந்து வந்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வருவதற்கு முன்பே புகார் வந்துவிட்டது. “ப்ளஸ் டூ படிக்கிற பையன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேம். கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்ல போடப் போறேன்னு உங்க மாமா குதிக்கிறார். நீயாவது எடுத்துச் சொல்லேன்டா!”

எடுத்துச் சொல்லத்தான் மாடிக்குப் போனேன். பையன் விளையாடவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

திரையில் ஓர் அமெரிக்க நகரம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது. கோட் சூட் போட்ட ஒருவர் சோபாவில் உட்கார்ந்தபடியே மிதந்து வருகிறார். எதிரே இன்னொரு சோபாக்காரர். “சார், உங்க தெருவுல கரன்ட் வந்துடுச்சா?” என்கிறார். இரண்டு பேருக்கும் பையனின் குரல்தான்.

“மாமா, இதுதான் நம்ம தெரு. கேம்ல நம்ம ஊர் வீடெல்லாம் கிடையாது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றான்.

மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து, நான்கு நாள் கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்த குடும்பம் அது. சிரித்தேன். வயிற்றை என்னவோ பிசைந்தது.

இந்த வகைப் படத்துக்கு ‘மெஷினிமா’ என்று பெயர். வீடியோ கேமுக்குள் தெரு, வெளிச்சம், ஆட்கள் எல்லாமே தயாராக இருக்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை நடத்த, இன்னொருவரின் திரையே கேமரா ஆகிவிடும். பொம்மலாட்டத்தில் கயிறு இருந்த இடத்தில் இங்கே பட்டன். 1996-ல் ‘க்வேக்’ விளையாட்டில் எடுத்த ‘டைரி ஆஃப் எ கேம்ப்பர்’ இதன் முன்னோடி. 2003-ல் ‘ஹேலோ’வை வைத்து ‘ரெட் வெர்சஸ் புளூ’ தொடர் வந்தது. சண்டை போட வேண்டிய சிப்பாய்கள் நின்று வெட்டிக்கதை பேசுவார்கள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது என்பதால், பேசுகிறவர் தலையை ஆட்டுவார். நடிப்பு அவ்வளவுதான். அது 20 வருடம் ஓடியது!

டாய்லெட்டிலிருந்து தலை நீட்டிப் பாடும் ‘ஸ்கிபிடி டாய்லெட்’டைப் பார்த்து உங்கள் வீட்டு வாண்டு சிரிக்கிறதா? 2023-ல் யூடியூபில் தொடங்கிய அதுவும் கேம் உருவங்களை வைத்துச் செய்ததுதான். எனக்கு அது பிடிபடவில்லை, அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது ‘தி ஃப்ரெஞ்ச் டெமாக்ரஸி’. 2005-ல் பாரிஸ் புறநகரில், போலீஸுக்குப் பயந்து துணை மின்நிலையத்தில் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். பிரான்ஸ் முழுக்கக் கலவரம். அந்தக் கோபத்தின் காரணத்தைச் சொல்ல, அதுவரை சினிமாவே எடுத்திராத அலெக்ஸ் சான் என்ற இளைஞர் ‘தி மூவீஸ்’ விளையாட்டில் 13 நிமிடப் படம் எடுத்தார். அதிலும் பாரிஸ் கிடையாது. நியூயார்க் சுரங்க ரயில் நிலையம் பாரிஸ் ஆனது. ஒரு குடிசை மின்நிலையம் ஆனது. வசனம் எழுத்தில் மட்டும். அமெரிக்கப் பத்திரிகைகள் வரை அதைப் பற்றி எழுதின.

ஒரு சிக்கல் உண்டு. உருவங்கள் எல்லாம் கேம் கம்பெனியின் சொத்து. லாபநோக்கம் இல்லாமல் எடுத்துக்கொள்ள 2007-ல் மைக்ரோசாஃப்ட் விதிமுறை வெளியிட்டது. மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு விதி. ‘காசு பார்ப்பதற்கு முன்னால் அதைப் படிடா’ என்று பையனிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

அக்காவிடம் பூசலார் கதையை எடுத்தேன். இந்த ஊர்க்காரர்தானே! கோயில் கட்டக் காசில்லாமல், கல்லும் தச்சரும் மனசுக்குள்ளேயே திரட்டி, அஸ்திவாரம் முதல் சிகரம் வரை, கிணறு, குளம், மதில் உட்படக் கட்டி முடித்தவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் கனவில் சிவன் வந்து, ‘நாளைக்கு நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை’ என்றாராம். மன்னன் தேடி வந்தால் ஊரில் கட்டடமே இல்லை. இருதயாலீஸ்வரர் கோயிலில் இன்றும் பூசலாரைக் கும்பிடுகிறோம்.

“பூசலாருக்குப் பப்ளிக் எக்ஸாம் இல்லடா” என்றாள் அக்கா.

என்னிடம் பதில் இல்லை. கடைசியில் சனிக்கிழமை மட்டும், அதுவும் ராத்திரி பத்து மணி வரை என்று பஞ்சாயத்து முடிந்தது. மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். படத்தை அவரிடமே போட்டுக் காட்டச் சொன்னேன். கைகளைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

“ஃப்ரிட்ஜ் எங்கடா? நம்மது மிதந்துச்சே, அதையும் போடு.”